ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவு அமைதியான விதம்

வகுப்புக்குள் நுழையும் முன் கணக்கு டீச்சர் கதவுக்கு இரண்டடி தள்ளிச் சுவரோரமாக நின்றுகொள்வார். வருகைப் பதிவேடு நெஞ்சோடு அணைந்தபடி இருக்கும். கண்ணை மூட மாட்டார். ஆனால் எதையும் பார்க்கவும் மாட்டார். உதடு அசையாமல் உள்ளுக்குள் பதினேழாம் வாய்ப்பாடு ஓடும். நூற்றிரண்டு வந்ததும் எச்சிலை விழுங்கிவிட்டு, கதவைக் கையால் தொடாமல் பதிவேட்டின் முனையால் தள்ளுவார். உள்ளங்கை வேர்த்திருக்கும். கதவில் ஈரக்கை பதிந்தால் முதல் பெஞ்சு பார்த்துவிடும் என்று பயம். ஒரு நாளைக்கு ஐந்து பாடவேளை, ஐந்து முறை இந்த வாய்ப்பாடு. இருபத்து மூன்று வருடமாக இப்படித்தான்.

கணக்கு அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. கரும்பலகையைப் பார்த்து நிற்கும்வரை ஒரு குறையும் இல்லை. திரும்பினால்தான் தொல்லை. நாற்பது முகம், எண்பது கண். தன் முட்டி நடுங்குவது அந்த எண்பது கண்ணில் ஒன்றுக்காவது தெரிந்திருக்கும் என்று தோன்றும். தெரிந்தால் அவ்வளவுதான், விடமாட்டார்கள்.

படித்து முடித்ததும் அவர் விண்ணப்பம் போட்டது தபால் பிரிக்கும் வேலைக்கு. ஒரு மூலையில் உட்கார்ந்து, யார் முகத்தையும் பார்க்காமல், கடிதங்களை ஊர் ஊராக அடுக்கிக்கொண்டே இருக்கலாம். கிடைத்தது பள்ளிக்கூடம். சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு வகுப்பு மொத்தமும் சொல்லிவைத்ததுபோல் பெஞ்சைத் தட்ட ஆரம்பித்தது. இவர் கையில் சாக்பீஸோடு நின்றார். பெஞ்சுச் சத்தம் காலடியில் தரை வழியாக ஏறி முழங்காலுக்கு வந்தது. பக்கத்து வகுப்பு மாஸ்டர் வந்து கதவைத் திறந்து ஒரு பார்வை பார்த்தார், அத்தனையும் அடங்கியது. அவர் கையில் ஓர் அடி நீள மரஸ்கேல் இருந்தது. மறுநாள் டீச்சரும் ஒன்று வாங்கினார்.

ஸ்கேல் இருந்தவரைக்கும் பயம் ஓர் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. கோபத்தில் அடித்தவர் அல்ல அவர். நீச்சல் தெரியாதவர் கிடைத்ததைப் பிடித்துக்கொள்வதுபோல அதைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் ‘ஸ்கேல் டீச்சர்’ என்று பெயர் வைத்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பையன் கையை நீட்டச் சொன்னபோது நீட்டிவிட்டுப் பாதியில் இழுத்தான். ஸ்கேல் விளிம்பு பட்டு மோதிரவிரல் நகம் பிளந்தது. மறுநாள் அவன் அம்மா வந்தாள். அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. மகனின் துணி சுற்றிய விரலைத் தலைமையாசிரியையின் மேசைமேல் எடுத்து வைத்துவிட்டுப் பேசாமல் நின்றாள்.

இனி அடிக்க மாட்டேன் என்று எழுதிய ஒரு கடிதத்தில் டீச்சர் கையெழுத்துப் போட்டார். தலைமையாசிரியை அதை மடித்து அலமாரிக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்: “டீச்சர், இன்னொரு தடவை கை ஓங்கினீங்கன்னு காதுல விழுந்தாலே போதும், நான் காப்பாத்த முடியாது. அதே சமயம் கிளாஸ் கட்டுப்பாட்டுல இல்லன்னாலும் நான் காப்பாத்த முடியாது. புரியுதில்ல?”

புரிந்தது. முன்னால் போனால் கடிக்கும், பின்னால் போனால் உதைக்கும் என்பார்களே, அந்த நிலைமை.

கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். வாய் நிறையச் சிரிப்பும் நகம் நிறைய கிரீஸுமாக இருப்பவர். காலையில் டீச்சர் டீயைக் குடிக்காமல் கோப்பையையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு சீண்டுவார்.

“ஏம்மா, சிங்கக் கூண்டுக்கா போற? பன்னெண்டு வயசுப் பொடிசுங்க.”

“சிங்கம் பசிச்சாத்தாங்க பாயும். இதுங்க சாப்பிட்டுட்டு வந்து பாயுதுங்க.”

“அப்ப சாப்பிடாம வரச்சொல்லு.”

அவர் சிரிப்பார். டீச்சருக்கும் சிரிப்பு வரும், வாசல்வரைக்கும்.

அந்த வருடம் கொடுத்தது ஏழாம் வகுப்பு ‘பி’. முந்தைய வருடம் அவர்களுக்குக் கணக்கு எடுத்தவர் பாதியில் வேலையை விட்டுவிட்டுப் போயிருந்தார். ஓவிய மாஸ்டர், “போனாரா? ஓடினாரு டீச்சர். குடைய மறந்துட்டு ஓடினாரு. இன்னும் ஸ்டாஃப் ரூம்ல தொங்குது பாருங்க,” என்றார். டீச்சர் அந்தக் குடையைப் பார்க்கப் பயந்து அந்தப் பக்கம் உட்காருவதையே விட்டுவிட்டார்.

இந்த நேரத்தில்தான் ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வந்தது. பயிற்சி கொடுக்க வந்தவர் இளவயசுக்காரர். சட்டைப்பையில் ஏழெட்டுப் பேனா. “தப்பைப் பிடிக்கறதுல நாம எல்லாருமே கில்லாடிங்க. இனிமே நல்லதைப் பிடிங்க. பிள்ளை நல்லது ஒண்ணு செஞ்சா அந்த நொடியே சொல்லுங்க. என்ன செஞ்சான்னு பேர் சொல்லிச் சொல்லுங்க. குடுத்ததைத் திருப்பி எடுக்காதீங்க,” என்றார். ஓவிய மாஸ்டர் காதோரமாக, “நாய்க்கு பிஸ்கட் போடற மாதிரி,” என்றார். டீச்சர் மட்டும் பதினோரு பக்கம் எழுதிக்கொண்டார். கையில் ஸ்கேல் இல்லாதவருக்கு அந்தப் பதினோரு பக்கம்தான் பிடிமானம்.

முதல் நாள் கடைசி பெஞ்சில் தொடங்கினார். அங்கே இருந்தவனுக்கு ‘ரேடியோ’ என்று பெயர். பாட்டு, செய்தி, விளம்பரம் எல்லாம் அவன் வாயிலிருந்து நிற்காமல் வரும். அன்றைக்கு என்னவோ மணி அடித்ததும் நோட்டை எடுத்து வைத்துவிட்டான்.

“நான் சொல்றதுக்கு முன்னாடியே நோட்டை எடுத்து வச்சிட்ட. நல்லது.”

ரேடியோ திரும்பித் தன் பின்னால் பார்த்தான். பின்னால் சுவர்தான் இருந்தது.

“என்னையா டீச்சர்?”

“உன்னைத்தான்.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஆனால் மறுநாளும் அவன் நோட்டை எடுத்து வைத்தான். அதற்கு மறுநாள் பக்கத்துப் பையனையும் எடுத்து வைக்கச் சொன்னான். இரண்டாவது பெஞ்சில் மெலிந்த பெண் ஒருத்தி. எடையே இல்லாததால் ‘பஞ்சு’. அவளுக்கு இழுப்பு உண்டு. மருந்து அடிக்கும் இன்ஹேலர் எப்போதும் பையில் இருக்கும் என்று அவள் அம்மா சேர்க்கும்போதே சொல்லியிருந்தாள். அந்தப் பஞ்சு, பக்கத்தில் இருப்பவளுக்குப் பின்னம் புரியவில்லை என்று காகிதத்தை மடித்து மடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். “காகிதத்தை மடிச்சுச் சொல்லிக் குடுத்த பாரு, அது எனக்கே தோணலை,” என்றார் டீச்சர். பஞ்சின் காது சிவந்துபோனது.

வேலை செய்கிறதே என்று அவருக்கே ஆச்சரியம். ஆனால் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தால் சத்தம் வரும். நல்ல சத்தம்தான். அது நல்ல சத்தம் என்று அவர் மூளைக்குத் தெரிந்தது, முழங்காலுக்குத் தெரியவில்லை. ஒருநாள் அந்த இரைச்சலுக்கு நடுவே கதவுக் கண்ணாடியில் தலைமையாசிரியையின் முகம் வந்து, நின்று, போனது. அந்த வாரமே இரண்டாவது தடவையும் வந்தது. அன்று மாலை டீச்சர் வீட்டுக்குப் போனதும் கேட்டார்:

“என்னங்க, சின்னதா, ஒரே மாதிரி இருக்கற பொருள் ஏதாவது நூறு கிடைக்குமா?”

மறுநாள் கணவர் துணிப்பை ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் கொட்டினார். தேய்ந்துபோன பழைய பேரிங்குகளை உடைத்து எடுத்த இரும்புக் குண்டுகள். கிரீஸ் போக மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, பளபளவென்று இருந்தன. “ஒவ்வொண்ணும் லட்சம் மைல் ஓடினது. உன் பசங்கள விட அனுபவசாலிங்க,” என்றார்.

வாயகன்ற ஒரு கண்ணாடி பிஸ்கட் பாட்டில் ஆசிரியர் மேசைக்கு வந்தது. சட்டம் எளிது. பத்து நிமிடம் வகுப்பில் ஒரு சத்தமும் இல்லையென்றால் ஒரு குண்டு உள்ளே விழும். நூறு குண்டு சேர்ந்தால் வகுப்புக்கே அரை நாள் மைதானம். யாராவது ஒருவர் சத்தம் போட்டாலும் ஒரு குண்டு வெளியே வரும். இந்தக் கடைசிச் சட்டம் பதினோரு பக்கத்தில் எங்கும் இல்லை. பயம் சேர்த்துக்கொண்ட சட்டம் அது. பையைத் தட்டித் தாளம் போடுவார்கள் என்பதால் எல்லாப் பைகளும் பின்சுவரோரம். பாடவேளை முடியும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. அதுவும் அவர் சேர்த்ததுதான்.

முதல் குண்டு கண்ணாடியில் விழுந்தபோது ‘டிங்’ என்றது. நாற்பது பேரும் அதைக் கேட்டார்கள்.

ஒரு வாரத்தில் பேச்சு நின்றது. இரண்டாவது வாரத்தில் கிசுகிசுப்பும் நின்றது. குண்டு விழும்போது கைதட்டினால் சத்தமாகிவிடும் என்று பிள்ளைகளே ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி விரல்களை மட்டும் படபடக்கவிட்டார்கள். எண்பது கை, சத்தமில்லாமல். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் பஞ்சு இருமினாள். தொண்டையைச் செருமிக்கொண்டே நாலைந்து தடவை. டீச்சர் ஒரு கணம் தயங்கினார். இருமலுக்கு விட்டால் நாளைக்கு எல்லாருக்கும் இருமல் வரும், பிடி நழுவிவிடும். பாட்டிலுக்குள் கையை விட்டு ஒரு குண்டை எடுத்து மேசையில் வைத்தார். பஞ்சு தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவள் இருமவே இல்லை.

தலைமையாசிரியை ஒரு தடவை உள்ளேயே வந்து பின்னால் உட்கார்ந்து பார்த்தார். வெளியே போகும்போது டீச்சரின் தோளைத் தொட்டு, “இது ‘பி’ பிரிவுதானா, இல்ல வேற கிளாஸ் மாத்திக் காட்டறீங்களா?” என்றார். இருபத்து மூன்று வருடத்தில் முதல் தடவையாக அன்றைக்குத்தான் டீச்சர் மாலை டீயைச் சூட்டோடு குடித்தார்.

இன்னொன்றும் நடந்தது, அவர் கவனிக்கவில்லை. முன்பெல்லாம் பயத்தில் பருந்துபோல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். யார் உதடு அசைகிறது, யார் கண் எங்கே போகிறது என்று. இப்போது அது தேவைப்படவில்லை. சத்தம் இல்லாத வகுப்பை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? காது காவல் காத்தது. கண், அதற்குப் பிடித்த கரும்பலகைக்குப் போய்விட்டது.

ஏழாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை பாட்டிலில் தொண்ணூற்றாறு குண்டு இருந்தது. நாற்பது நிமிடப் பாடவேளைக்கு நாலு குண்டு. மணி அடிக்கும்போது சரியாக நூறு. பிள்ளைகள் நுழைந்த விதமே வேறாக இருந்தது. செருப்பைத் தரையில் உரசாமல் நடந்தார்கள். அன்றைக்குக் கரும்பலகை நிறைய விகிதக் கணக்கு. முந்தைய பாடவேளை எழுதியதை அழித்ததில் சாக்பீஸ் தூள் வெயிலில் மிதந்தது.

பத்து நிமிடம்: டிங். விரல்கள் படபடத்தன. இருபது: டிங். முப்பதில் தொண்ணூற்றொன்பது. திரும்பி நின்று கடைசிக் கணக்கை எழுதத் தொடங்கினார்.

“டீச்சர்!”

ரேடியோவின் குரல். கையைத் தூக்கவில்லை, அனுமதி கேட்கவில்லை. டீச்சர் திரும்பக்கூட இல்லை. இடது கையை நீட்டி, பாட்டிலில் இருந்து ஒரு குண்டை எடுத்து மேசையில் வைத்தார். ‘டக்.’ முதுகுக்குப் பின்னால் ஒரே சமயத்தில் நாற்பது தோள் சரிந்ததுபோல ஓர் அசைவு. யாரோ யாரையோ அமுக்கும் துணிச் சரசரப்பு. பிறகு மறுபடியும் அமைதி. ரேடியோவின் வாயைப் பக்கத்துப் பையன் இரண்டு கையாலும் பொத்தியிருந்தான். டீச்சருக்கு அது தெரியாது.

ஒரு நிமிடம் போயிருக்கும். காலடிச் சத்தம் கேட்டது. பெஞ்சுகளுக்கு நடுவே, நேராக, வேகமாக, தன் முதுகை நோக்கி. இத்தனை வருடமாக எதற்குப் பயந்தாரோ அது வந்துவிட்டது என்று தோன்றியது. எழுந்துவிட்டார்கள். ஒருவன் எழுந்தால் நாற்பது பேரும் எழுவார்கள். சாக்பீஸ் விரலில் முறிந்தது. அவர் திரும்புவதற்குள் ரேடியோ மேசையை அடைந்து, பாட்டிலை இரண்டு கையாலும் தூக்கி, தரையில் ஓங்கிப் போட்டான்.

கண்ணாடி வெடித்தது. இரும்புக் குண்டுகள் சிமெண்ட் தரையில் துள்ளி எல்லாப் பக்கமும் ஓடின. டீச்சரின் கை தானாக மேலே போனது. கையில் கட்டை டஸ்டர் இருந்தது. அது அவன் கன்னத்துக்கு நேராக, ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

“பஞ்சு,” என்றான் ரேடியோ. அழுதுகொண்டிருந்தான். “டீச்சர், பஞ்சைப் பாருங்க டீச்சர்.”

பார்த்தார்.

பஞ்சு நேராக உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் பெஞ்சு விளிம்பைப் பிடித்திருந்தன. தோள்பட்டை இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. கழுத்துக்குழி உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. வாய் மூடியிருந்தது. உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. கண் மட்டும் டீச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தது, மன்னிப்புக் கேட்பதுபோல.

“பை! அவ பை எங்க?” டீச்சர் கத்திய குரல் அவருக்கே தெரியாத குரல். பின்சுவரோரம் நாற்பது பை. யாரோ ஓடினார்கள், யாரோ குண்டுமேல் கால் வைத்து விழுந்தார்கள். பை வந்தது, புத்தகம், டப்பா எல்லாம் கொட்டியது, கடைசியாக அந்த நீல இன்ஹேலர். டீச்சரின் அவசரத்தில் அது பஞ்சின் பல்லில் இடித்தது. “இழும்மா, இழு, இழு கண்ணு.” ஒன்று. இரண்டு. நாலாவது அழுத்தலுக்குத்தான் ஒரு விசில் சத்தம்போல மூச்சு உள்ளே போனது. ரேடியோ அதற்குள் அலுவலகத்துக்கு ஓடிவிட்டான். பள்ளிக்கூட வண்டியிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். வழி முழுக்க டீச்சர் அந்தக் குழந்தையின் நெஞ்சையே பார்த்துக்கொண்டு வந்தார். ஏறுகிறதா, இறங்குகிறதா. ஏறுகிறதா, இறங்குகிறதா. வேறு எதற்கும் அன்றைக்கு அவரிடம் கண் இல்லை.

பஞ்சு பிழைத்துக்கொண்டாள். முகத்தில் புகைமருந்து முகமூடியோடு, ஒரு மணி நேரத்தில் உதட்டில் நிறம் திரும்பியது. வெளியே நடைகூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். பயிற்சிக்காரர் இரண்டாம் நாள் மதியம் சொன்ன ஒன்று அங்கே வைத்துத்தான் நினைவுக்கு வந்தது. எல்லாரும் தூக்கக் கலக்கத்தில் இருந்ததால் சிரிப்பு மூட்டச் சொன்னார்: “ஒரே ஒரு சோதனை வச்சுக்கோங்க. பொணத்தால செய்ய முடியற காரியத்துக்குப் பரிசு குடுக்காதீங்க. சும்மா இருக்கறது, அசையாம இருக்கறது, பேசாம இருக்கறது — இதுல பொணத்தை யாரும் ஜெயிக்க முடியாது.” எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்து, எழுதியும் வைத்திருந்தார்.

துணி தைக்கும் கம்பெனியிலிருந்து பஞ்சின் அம்மா ஓடிவந்தாள். தோளில் நூல்பிசிறு ஒட்டியிருந்தது. “நீங்க மட்டும் பாக்கலைன்னா என் பொண்ணு இல்ல டீச்சர்,” என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். விரலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்த அந்த அம்மாவின் முன்னால் நின்றபோதுகூட டீச்சருக்கு இப்படிக் குலை நடுங்கியதில்லை.

அடுத்த நாள் தலைமையாசிரியை கூப்பிட்டார். மேசைமேல் தேநீர் வந்தது. “உட்காருங்க. நல்லவேளை கிளாஸ் அமைதியா இருந்துச்சு, அதனாலதான் உங்களால சட்டுனு கவனிக்க முடிஞ்சுது. அந்தப் பாட்டில் யோசனைய எல்லாக் கிளாஸுக்கும் கொண்டுவரலாம்னு இருக்கேன். பதினாலு பாட்டில். அப்புறம், அந்த ரேடியோப் பையன். கண்ணாடிய உடைச்சிருக்கான், யார் கால்லயாவது ஏறியிருந்தா? ரெண்டு வாரம் வீட்டுல இருக்கட்டும். கடுதாசி டைப் பண்ணச் சொல்லிட்டேன்.”

டீச்சர் வாயைத் திறந்தார். வந்தது, “சரிங்க மேடம்.”

வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தார். கணவர் கை கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். முழுதும் கேட்டார். இந்தத் தடவை சீண்டவில்லை.

“சொன்னா வேலை போயிடுங்க. ஏற்கெனவே ஒரு கடுதாசி அலமாரில இருக்கு.”

“போகலாம்.”

“போகலாம்னு இவ்ளோ சாதாரணமாச் சொல்றீங்க.”

“எங்க டிப்போவுல ஒரு வழக்கம். பிரேக் பிடிக்காத வண்டியக் கொண்டுவந்து நிறுத்தறவன, ‘ஏன்டா இப்படி ஓட்டின’ன்னு திட்டுவாங்க. ஆனா வண்டிய வெளிய விட மாட்டாங்க. சொல்லாமப் போறான் பாரு, அவன யாரும் திட்டறதில்ல. மறுநாள் காலைல வேறொருத்தன் அந்த வண்டில ஏறுவான்.” கொஞ்ச நேரம் நகத்துக் கிரீஸைச் சுரண்டினார். “நீ பதினாலு வண்டிய வெளிய விடப் போற.”

மறுநாள் அலுவலகக் கதவுக்கு வெளியே டீச்சருக்கு வாய்ப்பாடு மறந்துபோனது. பதினேழு நாலு என்ன என்று தெரியவில்லை. அப்படியே உள்ளே போய்விட்டார்.

“மேடம், பஞ்சுக்கு மூச்சு நின்னதுக்கு நான்தான் காரணம். மூணாவது வாரம் அவ இருமினதுக்கு ஒரு குண்டை எடுத்தேன். மருந்து இருக்கற பைய சுவரோரமா வைக்கச் சொன்னேன். எந்திரிக்கக் கூடாதுன்னு சொன்னேன். அந்தப் பையன் என்னைக் கூப்பிட்டான், நான் திரும்பலை. அப்புறம்தான் உடைச்சான். அவன வீட்டுக்கு அனுப்பாதீங்க. அவன அடிக்கறதுக்கு டஸ்டரையும் ஓங்கினேன். அதையும் எழுதிக்கோங்க.”

தலைமையாசிரியை ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். “உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கறீங்க டீச்சர்.”

“தெரியுங்க.”

“எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தார். இரண்டு பக்கம், கடைசி வரி மேலே ஏறிப்போயிருந்தது. பதினாலு பாட்டில் வாங்கப்படவில்லை. ரேடியோவுக்கு டைப் செய்த கடிதம் கிழிக்கப்பட்டது. டீச்சரை மூன்று மாதம் வகுப்புக்கு அனுப்பாமல் அலுவலகத்தில் மதிப்பெண் தாள் சரிபார்க்க வைத்தார்கள். ஒரு மூலை, ஒரு மேசை, யார் முகமும் இல்லை. இருபத்து மூன்று வருடத்துக்கு முன் கேட்ட வேலை. இரண்டாவது வாரமே அவருக்கு அந்த அமைதியில் உட்கார முடியவில்லை. யாராவது நடைகூடத்தில் இருமுகிறார்களா என்று காது போய்க்கொண்டே இருந்தது.

பிறகு ஒரு நிபந்தனையோடு ‘பி’ பிரிவைத் திருப்பிக் கொடுத்தார்கள்: பின்பெஞ்சில் ஓர் இளம் ஆசிரியை உட்கார்ந்து பார்த்துக் குறிப்பு எழுதுவாள். டீச்சர் பயந்துகொண்டேதான் போனார். பைகள் அவரவர் காலடிக்கு வந்தன. புரியாததைக் கேட்பவருக்கு, அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பவருக்கு, உதவி வேண்டும் என்று எழுந்து நிற்பவருக்கு, அந்த நொடியே பேர் சொல்லி ஒரு வார்த்தை. குண்டு எதுவும் இல்லை. வகுப்பு இரைந்தது. முட்டி நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

அந்த வருடம் முடியப் போகும் சமயத்தில் ஒரு மதிய இடைவேளை. படிக்கட்டில் பஞ்சு தனியாக உட்கார்ந்திருந்தாள். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை நாளாகக் கேட்கப் பயந்ததைக் கேட்டார்.

“அன்னிக்கு நான் திட்டுவேன்னு பயந்தியா கண்ணு? இல்ல, மத்தவங்க யாராவது மிரட்டினாங்களா?”

“ஐயோ, இல்ல டீச்சர். யாரும் ஒண்ணும் சொல்லலை. எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க.”

அவள் சந்தோஷமாகவே சொன்னாள். மூன்றாவது வாரம் குண்டு போனதற்கு மறுநாளிலிருந்து, தினமும் இடைவேளையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பயிற்சி நடந்திருக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி நிற்பார்கள். பஞ்சு இருமலை அடக்க வேண்டும். முதல் நாள் நாற்பது விநாடி. யாரும் கேலி செய்யவில்லை. “நாப்பது விநாடி அடக்கிட்ட பஞ்சு, நேத்து முடியலைல்ல” என்று பேர் சொல்லிச் சொன்னார்கள். நேற்றைவிடக் கூடுதலாக அடக்கினால் ஒரு பென்சில், ஒரு நாள் தலைகிளிப், ஒரு நாள் ஜன்னலோர இடம். தலைக்குமேல் அத்தனை விரலும் படபடக்கும். குடுத்த எதையும் அவர்கள் திருப்பி வாங்கவே இல்லையாம். கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னவன் ரேடியோ. அதுவரைக்கும் அவள் அதிகபட்சமாக அடக்கியது நாலு நிமிடம் பத்து விநாடி. அந்தச் செவ்வாய்க்கிழமையும் பஞ்சின் தோள் ஏற ஆரம்பித்ததுமே அவன் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறான். ஐந்தாவது நிமிடம் அவளைப் பார்த்து விரலைப் படபடக்கவிட்டிருக்கிறான். ஆறாவது நிமிடம் தாண்டிய பிறகுதான் டீச்சரைக் கூப்பிட்டிருக்கிறான்.